மாடிப்படிக்கு ஒரு காவலாளி

விருந்து நடக்கும் நேரத்தில், படுக்கையறைகளுக்குப் போகிற மாடிப்படியிலும் நடைவழியிலும் பாதுகாவலர்களை நிறுத்தி வைக்க வேண்டும். படித்ததும் ஏதோ சந்தேகத்துக்குரிய லாட்ஜுக்குப் போலீஸ் விதித்த நிபந்தனை என்று தோன்றும். இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் தன் மாணவர்களின் ஃபிராட்டர்னிட்டிகளுக்கு, அதாவது ஆண்பிள்ளைச் சங்கங்களுக்கு, 2022இல் விதித்த விதி இது. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு சங்க வீட்டு விருந்துக்குப் போன பெண்கள், குடிக்கக் கொடுத்ததில் மருந்து கலந்திருந்தது என்றும் பாலியல் வன்முறை நடந்தது என்றும் புகார் கொடுத்திருந்தார்கள். அறிஞர் பெருமக்கள் கூடி யோசித்தார்கள். நோபல் பரிசு வாங்கியவர்கள் பாடம் நடத்துகிற இடம், யோசனைக்குப் பஞ்சமில்லை. யோசித்துக் கண்ட வழி: வீடு இருக்கட்டும், விருந்து நடக்கட்டும், படிக்கட்டில் மட்டும் ஓர் ஆள் நிற்கட்டும்.

தன் மாணவன் வீட்டுக்கு விருந்தாளியாக வரும் பெண்ணை அந்த வீட்டு மாடியிலிருந்து காப்பாற்றக் கூலிக்கு ஆள் வைக்க வேண்டியிருக்கிறது என்று தெரிகிறது. தெரிந்த பிறகும் அதே வீட்டுக்கு ‘அங்கீகரிக்கப்பட்ட மாணவர் அமைப்பு’ என்று சான்றிதழ் கொடுக்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும். அது அவர்களிடம் இருந்தது. சங்கங்களிடம் அதைவிட அதிகமாகவே இருந்தது. கட்டுப்பாடுகள் எல்லை மீறிவிட்டன என்று அலுத்துக்கொண்டு, அந்த ஆகஸ்டில் பல சங்கங்கள் ‘உங்கள் அங்கீகாரமே வேண்டாம்’ என்று வெளியேறித் தங்களுக்கென்று ஒரு மன்றம் அமைத்துக்கொண்டன. வீடு அதே தெருவில்தான் இருக்கிறது. மாடிப்படியும் அங்கேயேதான்.

அமெரிக்கக் கல்லூரிகளில் பிள்ளைகள் படிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் சங்கங்களைத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இரண்டோ மூன்றோ கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட கூட்டங்கள் இவை. முதலாவது 1776இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தோன்றிய ஃபை பீட்டா காப்பா. அது காலப்போக்கில் நன்றாகப் படிப்பவர்களுக்கான கௌரவச் சங்கமாகத் திருந்திவிட்டது. 1825இல் யூனியன் கல்லூரியில் தொடங்கிய காப்பா ஆல்ஃபாவின் வழிவந்தவை அப்படித் திருந்தவில்லை. ஆண்களுக்கு ஃபிராட்டர்னிட்டி, பெண்களுக்குச் சொராரிட்டி. நாடு முழுக்கக் கிளைகள். கிளைக்குப் பெயர் சாப்டர். ஆள் பிடிக்கும் காலத்துக்குப் பெயர் ரஷ். பிடிபட்டவன் பிளெட்ஜ். அவனைச் சில வாரங்கள் வதைத்து ‘அண்ணன் தம்பி’ ஆக்குவார்கள். நாம் ராகிங் என்போம், அவர்கள் ஹேஸிங் என்கிறார்கள். கிரேக்கம் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. எழுத்துகளை வரிசையாக ஒப்பித்தால் போதும். தப்பாக ஒப்பித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எல்லாச் சங்கமும் ஒரே மாதிரி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1906இல் கார்னெல்லில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கிய கறுப்பின மாணவர்களுக்கு வேறு கதவு திறந்திருக்கவில்லை. வெள்ளைக்காரப் பையன்கள் உள்ளே விடாததால் தங்களுக்கென்று ஒரு கூரை போட்டுக்கொண்டார்கள். கமலா ஹாரிஸ் உறுப்பினராக உள்ள ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவும் (1908, ஹோவர்ட்) அப்படிப் பிறந்ததுதான். அந்தச் சங்கங்களிலும் அடி உதை உண்டு, சாவும் உண்டு. ஆனால் பிறந்த காரணத்தில் ஒரு நியாயம் இருந்தது.

சரி, அங்கீகாரத்துக்கு வருவோம். ஒரு சங்கம் பல்கலைக்கழகத்திடம் அங்கீகாரம் கேட்டால் என்னென்ன கேட்கிறார்கள் என்று பார்த்தால், அடேயப்பா, ரேஷன் கார்டுக்கு அலைந்தவனுக்கே தலை சுற்றும். சங்கத்தின் சட்டதிட்டம், நிர்வாகிகள் பட்டியல், உறுப்பினர்களின் சராசரி மதிப்பெண், பேராசிரியரோ பணியாளரோ ஒரு ஆலோசகர், ஹேஸிங் செய்ய மாட்டோம் என்று ஒவ்வொருவரும் போட்ட கையெழுத்து, விருந்து வைப்பதற்கு முன்பதிவுப் படிவம், அழைக்கப்பட்டவர்களின் பட்டியல், தொண்டு செய்த மணிக்கணக்கு. இவற்றோடு ஒரு காப்பீட்டுச் சான்று. அந்தக் காப்பீட்டில் பல்கலைக்கழகத்தின் பெயரும் பயனாளியாகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். இதைக் கொஞ்சம் நின்று ரசியுங்கள். பையன் செத்தால் பெற்றோர் தொடுக்கும் வழக்கில் பல்கலைக்கழகத்துக்கு ஆகும் செலவை, பையனைக் கொன்ற சங்கத்தின் காப்பீடு ஏற்க வேண்டும். அந்தப் பாலிசிக்குப் பிரீமியம் எங்கிருந்து போகிறது? உறுப்பினர் சந்தாவிலிருந்து. சேர வந்த அந்தப் பையனும் கட்டியிருப்பான்.

காப்பீட்டுக்காரர்கள் பாசாங்கு தெரியாதவர்கள். 1980களின் நடுவில் அமெரிக்கக் காப்பீட்டு ஆணையர்கள் மோசமான ஆபத்துகளை வரிசைப்படுத்தியபோது, நச்சுக்கழிவு அகற்றும் நிறுவனங்களுக்குப் பக்கத்தில் ஃபிராட்டர்னிட்டிகளை வைத்தார்கள். டீன்கள் இந்தச் சங்கங்களைத் தலைமைப்பண்பு வளரும் நாற்றங்கால் என்று பட்டமளிப்பு விழாவில் வாழ்த்திக்கொண்டிருந்த அதே காலம்தான். ஆபத்தைக் கணக்குப் போடத் தெரிந்தவர் ஒருவர், வாழ்த்துரை எழுதத் தெரிந்தவர் மற்றொருவர்.

இத்தனை படிவத்தையும் வாங்கி அடுக்கிவிட்டுக் கடைசியில் பல்கலைக்கழகம் ஒரு பத்தி எழுதும். விதிப்புத்தகத்தின் கிரீடம் அந்தப் பத்திதான். சொற்கள் ஊருக்கு ஊர் மாறும், சாரம் இது: இந்த அங்கீகாரம் ஒப்புதல் ஆகாது, இந்தச் சங்கம் தனி அமைப்பு, இதன் நடவடிக்கைகளைப் பல்கலைக்கழகம் மேற்பார்வையிடுவதுமில்லை, கட்டுப்படுத்துவதுமில்லை, அவற்றுக்குப் பொறுப்பேற்பதுமில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்று வந்தவர்களையெல்லாம் வாங்க வாங்க என்று வரவேற்று, முதல் பந்தியிலும் உட்கார்ந்து எழுந்து, சமையல்காரர் பாக்கி கேட்டு வரும்போது ‘நான் மாப்பிள்ளைக்குத் தூரத்து உறவு’ என்று செருப்பைத் தேடுகிற பெரியவரை நாம் பார்த்திருக்கிறோம். அவருக்கு ஒரு சட்டத் துறையும் நான்கு வழக்கறிஞர்களும் இருந்தால் அவர்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகம்.

இந்தப் பத்தி வானத்திலிருந்து விழவில்லை. 1979இல் ஒரு மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், இக்கால மாணவர்கள் வளர்ந்தவர்கள், கல்லூரி அவர்களுக்குக் காவல் இல்லை என்று தீர்ப்பளித்தது. நிர்வாகிகள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். மறு ஆண்டே டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஒரு சங்கம் ‘நரக இரவு’ கொண்டாடியது. சேர வந்த ஒரு பிளெட்ஜின் தலையில் அடுப்புக் கரி நீக்கும் காரத் திரவத்தை ஊற்றினார்கள். முகமும் கழுத்தும் வெந்து, ஆயுளுக்கும் தழும்பு. வழக்கு நடந்து 1991இல் டெலவேர் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஹேஸிங் நடப்பது பல்கலைக்கழகத்துக்குத் தெரியும், கூடாது என்று அறிக்கையும் விட்டிருக்கிறது, ஆகவே தடுக்கும் கடமையையும் தலையில் ஏற்றுக்கொண்டுவிட்டது.

மனசாட்சி உள்ளவன் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வான்? இனி ஒழுங்காகத் தடுக்க வேண்டும் என்று. சட்டத் துறை கற்றுக்கொண்டது வேறு: எட்டிப் பார்த்தால் மாட்டிக்கொள்வோம். பக்கத்தில் போனால் கடமை, தூரத்தில் நின்றால் விடுதலை. அதனால் எந்த அளவு பக்கத்தில் போனால் நன்கொடையும் வாடகை மிச்சமும் வரும், எந்த அளவு தூரத்தில் நின்றால் வழக்கு வராது என்று அங்குலக் கணக்கில் அளந்து எழுதிய இலக்கியம்தான் இன்று நாம் படிக்கும் அங்கீகார விதிகள். பிள்ளையையும் கிள்ளி, தொட்டிலையும் ஆட்டி, தொட்டிலைத் தொட்டதற்குச் சாட்சி இல்லாமலும் பார்த்துக்கொள்கிற கலை.

விதிப்புத்தகத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்றும் ஒரு பக்கம் இருக்கும். இனம், நிறம், மதம், பால் எதன் பேராலும் ஒதுக்கக் கூடாது. அடுத்த வரியிலேயே, சமூகச் சங்கங்களின் உறுப்பினர் சேர்க்கைக்குப் பால் விஷயத்தில் விலக்கு. விலக்கு தந்தது நாட்டின் பாராளுமன்றமே. கல்வியில் பால் பாகுபாட்டைத் தடுக்க 1972இல் ‘டைட்டில் நைன்’ சட்டம் வந்தது. 1974இல் அதில் திருத்தம் செய்து ஃபிராட்டர்னிட்டி, சொராரிட்டிகளை வெளியே எடுத்து வைத்தார்கள். சமத்துவம் இரண்டே வருடத்தில் களைத்துவிட்டது. நிறத்துக்கு அப்படி விலக்கு எதுவும் இல்லை, தேவைப்படவும் இல்லை. 1963இல் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் கறுப்பின மாணவர்களை உள்ளே விடாமல் வாசலில் நின்று மறித்தாரே, அதே அலபாமா பல்கலைக்கழகத்தில், சரியாக ஐம்பது வருடம் கழித்து, 2013இல், மாணவர் பத்திரிகையான ‘கிரிம்சன் ஒயிட்’ ஒரு செய்தி போட்டது. நல்ல மதிப்பெண்ணும் நல்ல குடும்பப் பின்னணியும் உள்ள ஒரு கறுப்பின மாணவியை வெள்ளையர் சொராரிட்டிகள் வரிசையாக நிராகரித்திருக்கின்றன. சேர்த்துக்கொள்ளலாம் என்று மாணவிகள் சிலர் சொன்னாலும் பழைய மாணவிகளான சீமாட்டிகள் தடுத்திருக்கிறார்கள். செய்தி நாடெங்கும் பரவிய பிறகு நிர்வாகம் ஆள்சேர்ப்பை மறுபடி திறக்கச் சொன்னது. அதுவரை அத்தனை சங்கங்களும் அங்கீகாரத்தோடுதான் இருந்தன. பாகுபாடு காட்ட மாட்டோம் என்ற படிவத்தில் ஒவ்வொரு வருடமும் கையெழுத்து போயிருக்கும், கோப்பும் பத்திரமாக இருந்திருக்கும்.

ஹார்வர்டின் கதை தனிக் கூத்து. அங்கே ஃபைனல் கிளப் என்று சீமான் வீட்டுப் பிள்ளைகளின் மன்றங்கள் உண்டு. அவற்றில் போர்செல்லியன் 1791இல் தொடங்கியது. பெண்களைச் சேர்க்க மறுத்ததால் 1984இல் ஹார்வர்ட் அவற்றோடு உறவை முறித்துக்கொண்டது. முறித்ததன் பலன், அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு ‘அவை எங்கள் சங்கங்களே அல்ல’ என்று சொல்லும் வசதி. 2016இல் திடீரென்று வீரம் வந்தது. ஒற்றைப் பால் சங்கத்தில் சேருகிற மாணவருக்கு விளையாட்டு அணித் தலைமை கிடையாது, மாணவர் அமைப்புகளில் பதவி கிடையாது, ரோட்ஸ் போன்ற உதவித்தொகைகளுக்குப் பரிந்துரைக் கடிதம் கிடையாது என்று அறிவித்தார்கள். அடி யார் மேல் விழுந்தது தெரியுமா? பணமும் மாளிகையும் முன்னாள் உறுப்பினர்களின் அரணும் உள்ள ஆண் மன்றங்கள் அசையவில்லை. சொராரிட்டிகள்தான் முதலில் மூடின, அல்லது பெயர் மாற்றி ஆண்களையும் சேர்த்துக்கொண்டன. ஆணாதிக்கத்தை ஒழிக்கக் கிளம்பிய விதி பெண்களின் கூடத்தைக் காலி செய்துவிட்டு வந்தது. பிறகு வழக்குகள் வந்தன. 2020 ஜூனில், வேலையிடத்துப் பால் பாகுபாடு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைக் காட்டி, எங்கள் விதி இனி நிற்காது என்று ஹார்வர்டே அதைச் சுருட்டி வைத்தது. உலகின் பணக்காரப் பல்கலைக்கழகம் நாலு வருடத்தில் சாதித்தது இதுதான்.

இனி சாராயம். இதைப் பற்றிய விதிகளைப் படிக்கும்போது சிரிப்பு வரும், அடுத்த பக்கத்தில் அது நின்றுவிடும்.

பெண்கள் சங்கங்களின் தேசிய அமைப்புகள் தங்கள் வீடுகளில் மதுவுக்கு இடம் தருவதில்லை. மிக நல்ல ஒழுக்கம். அதனால் விருந்து எங்கே நடக்கும்? ஆண்கள் வீட்டில். கதவு அவர்களுடையது, பானத்தைக் கலக்கும் கை அவர்களுடையது, இரவில் திரும்பிப் போகும் வழியும் அவர்கள் தயவில். ஒழுக்கத்தைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு பெண்களை அடுத்த வீட்டுக்கு அனுப்புகிற விதியை யார் எழுதினார்களோ, அவர்கள் அந்த வீட்டு மாடிப்படியைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஆண்கள் சங்கங்களின் வட அமெரிக்கக் கூட்டமைப்பு 2018இல் இன்னொரு புரட்சி செய்தது: 15 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள மது சங்க வீட்டில் கூடாது, உரிமம் பெற்ற வியாபாரி வந்து விற்றால் மட்டும் கூடும். அமலுக்கு வர ஓராண்டு அவகாசமும் கொடுத்தார்கள், 2019 செப்டம்பர் வரை. மிச்சம் இருப்பதைத் தீர்க்க வேண்டுமே.

பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவத்துக்கு ஒரு சங்கம் மதுவோடு நடத்தக்கூடிய விருந்துகளின் உச்ச வரம்பு 45 ஆக இருந்தது. பருவம் என்பது சுமார் நாலு மாதம். வரம்பே இது. 2017இல் அதைப் பத்தாகக் குறைத்தார்கள். ஏன் குறைத்தார்கள் என்றால், அந்த பிப்ரவரியில் பீட்டா தீட்டா பை சங்க வீட்டில் டிமத்தி பியாட்சா என்ற 19 வயதுப் பையன் செத்துப்போனான். அது மது அனுமதிக்கப்படாத வீடு. விதிப்படி சொல்கிறேன். அந்த மது இல்லாத வீட்டில் சேர வந்தவர்களை வரிசையாக நிறுத்தி, ஓட்கா, பீர், ஒயின் என்று ஒவ்வொரு நிலையத்திலும் குடிக்க வைத்தார்கள். 82 நிமிடத்தில் 18 மதுவளவு அவனுக்குள் போனதாக அரசுத் தரப்பு கணக்குச் சொன்னது. அடித்தளத்துக்குப் போகும் படிகளில் தலைகீழாக விழுந்தான். தூக்கி வந்து சோபாவில் போட்டார்கள். புரண்டு வாந்தியில் மூச்சு முட்டிவிடக் கூடாது என்று முதுகில் புத்தகங்கள் நிரப்பிய பையைக் கட்டினார்கள். ஒரு கல்வி நிறுவனத்தில் புத்தகங்கள் அன்றிரவு பயன்பட்டது அப்படி. விழுந்ததிலிருந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட ஏறத்தாழ 12 மணி நேரம். அத்தனையும் அந்த வீட்டின் கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தது. கேமரா வைத்திருந்தார்கள், ஆமாம். ஒழுங்கான, அங்கீகாரம் பெற்ற வீடு அல்லவா? பல்கலைக்கழகத்துக்கு ஆபத்து தெரிந்தே இருந்தது, அசட்டையாக இருந்துவிட்டது என்று அந்த மாவட்டத்துக் கிராண்ட் ஜூரி அறிக்கையே எழுதியது.

அதே 2017 செப்டம்பரில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம். ஃபை டெல்டா தீட்டா, 2000ஆம் ஆண்டிலிருந்தே வீடுகளில் மது கூடாது என்று தேசிய அளவில் விதி வைத்திருக்கும் சங்கம். அங்கே ‘பைபிள் வகுப்பு’ நடந்தது. சங்க வரலாற்றையும் கிரேக்க எழுத்து வரிசையையும் கேட்பார்கள், தப்பாகச் சொன்னால் குடிக்க வேண்டும். மேக்ஸ் க்ரூவர் என்ற முதலாண்டு மாணவனின் ரத்தத்தில் ஆல்கஹால் 0.495 சதவீதம். கார் ஓட்டுவதற்கு அந்த நாட்டில் பெரும்பாலான மாநிலங்களின் வரம்பு 0.08. எழுத்துகளை ஒப்பிக்கத் தடுமாறியதற்கு ஒரு பிள்ளையைக் கொல்கிற பாடசாலை, நாகரிகத்தின் உச்சியில் இருக்கும் நாட்டில்.

பென்சில்வேனியா பியாட்சா பேரில் சட்டம் போட்டது. லூசியானா க்ரூவர் பேரில் போட்டது. ஒஹையோவிலும் வர்ஜினியாவிலும் செத்த பிள்ளைகளின் பெயரில் சட்டங்கள் உண்டு. கட்டடங்களுக்கு நன்கொடையாளர்களின் பெயர், சட்டங்களுக்குச் செத்த பையன்களின் பெயர் என்று அங்கே பாகம் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இதைச் சொல்ல நமக்கும் வாய் கூசத்தான் வேண்டும். 1996இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவனைக் கொன்று துண்டு போட்ட பிறகுதான் 1997இல் நமக்கு ராகிங் தடைச் சட்டம் வந்தது. ஆனாலும் ராகிங் செய்கிற சீனியர்களின் கூட்டத்துக்கு ஒரு பெயர்ப்பலகையும், அங்கீகாரக் கடிதமும், சிறந்த சங்கத்துக்கான ஆண்டு விருதும் கொடுக்கும் யோசனை நம் பதிவாளர்கள் யாருக்கும் உதிக்கவில்லை.

ஹேஸிங் சாவுகளைப் பல பத்தாண்டுகளாகக் கணக்கெடுத்து வரும் ஹேங்க் நூவர் என்ற பத்திரிகையாளரின் பட்டியலில், 1959 முதல் 2021 வரை சாவு இல்லாத ஆண்டே இல்லை. அதற்கும் முந்தையவை உண்டு. 1873இல் கார்னெல்லில் காப்பா ஆல்ஃபாவின் சேர்க்கைச் சடங்கின்போது ஒரு மாணவர் இரவில் பள்ளத்தாக்கில் விழுந்து செத்தார். 2019இல் அதே கார்னெல்லில், சங்கம் ஒன்றின் குடி விருந்துக்குப் போன முதலாண்டு மாணவர் ஒருவர் பள்ளத்தாக்கில் பிணமாகக் கிடந்தார். நடுவில் 146 ஆண்டுகளும் எத்தனையோ விதிப்புத்தகத் திருத்தங்களும் போயிருக்கின்றன.

செத்த பிறகு என்ன செய்வார்கள்? அங்கீகாரத்தை ரத்து செய்வார்கள். அதற்காகத்தானே கொடுத்தது. மறுநாள் காலை அறிக்கை தயார்: ஆழ்ந்த வருத்தம், உடனடி இடைநீக்கம், முழு விசாரணை, ஆலோசனை மையம் இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும். சாகாமல் பிழைத்த சம்பவங்களில் தண்டனை பெரும்பாலும் நாலைந்து வருடத்துக்கு. ஏன் அந்தக் கணக்கு? இப்போதிருக்கும் மாணவர்கள் எல்லாரும் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். நடந்தது தெரிந்தவர் ஒருவரும் வளாகத்தில் மிஞ்ச மாட்டார். பிறகு அதே எழுத்துகள், அதே வீடு, புத்தம் புதுப் படிவம். நினைவு வற்றும் நேரத்தைத் தண்டனை என்று பெயர் வைத்து அளந்து கொடுக்கிறார்கள்.

ரத்துக்கும் அஞ்சாதவர்கள் இருக்கிறார்கள். கொலராடோவின் போல்டரில் 2004இல் 18 வயது மாணவன் ஒருவன் விஸ்கியும் ஒயினும் குடிக்க வைக்கப்பட்டுச் செத்தான். வீட்டில் பெரியவர் ஒருவர் தங்க வேண்டும், முதல் பருவத்தில் ஆள் சேர்க்கக் கூடாது என்று பல்கலைக்கழகம் ஒப்பந்தம் நீட்டியது. மறு ஆண்டு சங்கங்கள் கையெழுத்துப் போட மறுத்து, அங்கீகாரத்தைத் துறந்து, வளாகத்துக்குப் பக்கத்து மேட்டுப் பகுதியில் தாமாகவே மன்றம் நடத்தத் தொடங்கின. 2018இல் மேற்கு வர்ஜினியாவில் ஐந்து சங்கங்கள் அதே வழியில் வெளியேறின. குறைந்தது பத்து வருடத்துக்குத் திரும்ப வர முடியாது என்று பல்கலைக்கழகம் மிரட்டியது. வெளியேறியவனிடம் போய் உள்ளே விட மாட்டேன் என்கிற மிரட்டல்.

அங்கீகார ரத்துக்கு உண்மையிலேயே பல் இருந்தது நான் அறிந்து ஓர் ஊரில்தான், அதுவும் பல்கலைக்கழகம் வைத்த பல் அல்ல. டார்ட்மத் கல்லூரியில் ஆல்ஃபா டெல்டா என்ற சங்கம், 1978இல் வந்த ‘அனிமல் ஹவுஸ்’ படத்துக்கு முன்மாதிரி. 2015இல் புது உறுப்பினர்களுக்குப் பின்புறத்தில் சூட்டுக்கோல் வைத்தது வெளியே வந்து அங்கீகாரம் போயிற்று. ஹேனோவர் நகர நிர்வாகம் நில உபயோக விதியைப் புரட்டிப் பார்த்தது: கல்லூரியோடு சேர்ந்து இயங்கினால்தான் அந்த இடத்தில் மாணவர் விடுதி நடத்தலாம். கல்லூரி கைவிட்டுவிட்டதால் வீட்டில் யாரும் தங்க முடியாது என்றது. சங்கம் மாநில உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. நூற்றாண்டுக் கணக்கில் டீன்களால் முடியாததை ஒரு நகராட்சி அதிகாரி வரைபடத்தையும் ஸ்கேலையும் வைத்து முடித்தார்.

சூட்டுக்கோல் புதிதல்ல. 1967இல் யேலின் டெல்டா காப்பா எப்சிலான் சங்கம் பிளெட்ஜ்களுக்குச் சூடு வைப்பது பத்திரிகையில் வந்தபோது, அதன் முன்னாள் தலைவரான மாணவர் ‘நியூயார்க் டைம்ஸ்’ நிருபரிடம், சிகரெட் சுட்டது போலத்தான், வேறொன்றுமில்லை என்கிற தோரணையில் விளக்கம் தந்தார். அவர் பெயர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். பின்னாளில் பெரிய வேலைக்குப் போனார். இதனால்தான் டீன்களுக்குக் கை நடுங்குகிறது. இன்றைக்குச் சூடு போடுகிறவன் நாளைக்கு செனட்டராகலாம், அறங்காவலர் குழுவில் உட்காரலாம், நூலகத்துக்குக் காசோலை எழுதலாம். செத்தவன் எதுவும் எழுத மாட்டான். அவன் பெற்றோருக்குத்தான் காசோலை எழுத வேண்டியிருக்கும்: 1997இல் செத்த முதலாண்டு மாணவன் ஒருவனுக்காக எம்.ஐ.டி. 60 லட்சம் டாலர், 2021இல் ஒரு புட்டி போர்பனைக் காலி செய்யச் சொல்லப்பட்டுச் செத்த மாணவனுக்காக பௌலிங் கிரீன் 29 லட்சம் டாலர். ஒரு புது உடற்பயிற்சிக் கூடம் அதைவிட அதிகம் ஆகும். கணக்குத் தெரிந்தவர்கள் கணக்குப் போட்டிருப்பார்கள்.

வேறு வழி இல்லை, இது மரபு, தடை செய்தால் தலைமறைவாகும் என்பார்கள். வில்லியம்ஸ் கல்லூரி 1962இல் ஒழிக்கத் தொடங்கியது. கோல்பி 1984இல். போடோயின் 1997இல். வானம் இடிந்து விழவில்லை. நன்கொடையும் வருகிறது, மாணவர்கள் இடத்துக்கு முண்டியடிக்கிறார்கள். ஒழித்தவர்கள் வீட்டுக்குப் பதில் வீடு கட்டினார்கள், சாப்பாட்டுக் கூடம் கட்டினார்கள், செலவு செய்தார்கள். மாணவனுக்குத் தங்க இடம் தராமல் சங்க வீட்டுக்கு அனுப்பி, மிச்சப்பட்ட காசில் ‘மாணவர் நல்வாழ்வு’ அலுவலகம் வைக்கிறவர்களுக்கு அது புரியாது.

கடைசியாக வந்திருக்கிறது ஒரு மத்தியச் சட்டம். 2024 டிசம்பரில் ஜோ பைடன் கையெழுத்திட்டார். இனி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஹேஸிங் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும், தப்புச் செய்த சங்கங்களின் பெயரோடு தனி அறிக்கையும் போட வேண்டும். பெற்றோர் எத்தனையோ வருடம் அலைந்து வாங்கியது. அவர்களைக் குறை சொல்ல நாக்கு எழாது. ஆனால் சட்டத்தை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். ஹேஸிங்குக்கான வரையறையில் அங்கீகாரம் உள்ளது, இல்லாதது எல்லாச் சங்கமும் அடங்கும். பெயர் போடுகிற அறிக்கைக்கு வரும்போது மட்டும் ஒரு அடைப்புக்குறி: பல்கலைக்கழகம் நிறுவிய அல்லது அங்கீகரித்த சங்கங்களுக்கு மாத்திரம்.

எண்ணிக்கைக்கும் அதே கதிதான். வளாகக் குற்றங்களை எண்ணுவதற்கு 1990ஆம் ஆண்டின் கிளெரி சட்டம் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. வளாகத்துக்கு வெளியே உள்ள சங்க வீடு அந்த எல்லைக்குள் வர வேண்டுமானால், வீட்டுக்குச் சொந்தக்காரச் சங்கம் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். ரத்து செய்தால் வீடு வரைபடத்திலிருந்து போய்விடும். தெருவில் நிற்கும், விளக்கு எரியும், வெள்ளிக்கிழமை பாட்டுச் சத்தம் கேட்கும், முதலாண்டுப் பையன்கள் வரிசையாக உள்ளே போவார்கள். ஆண்டறிக்கையில் அந்த முகவரி இருக்காது. தன் கோப்பில் ரத்து முத்திரையைக் குத்துகிற டீன் ஒரே கையெழுத்தில் குற்றவாளியைத் தண்டித்தவராகவும் ஆகிறார், தன் பல்கலைக்கழகத்தின் குற்ற எண்ணிக்கையைக் குறைத்தவராகவும் ஆகிறார். இரண்டுக்கும் அவருக்குப் பதவி உயர்வு உண்டு.